தராசுக்கு முத்திரை உண்டு, ரவுட்டருக்கு?

சங்கரன்கோவில் பலசரக்கு மொத்த வணிகர் ஒருவரின் அனுபவக் கட்டுரை



பருப்பு, வத்தல், எண்ணெய் விலை நிலவரம் பற்றியும் ஜி.எஸ்.டி. கணக்கு பற்றியும் நம் இதழில் விஷயம் தெரிந்தவர்கள் எழுதி வருகிறார்கள். நான் இந்த முறை வேறொரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் கல்லாப் பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், இரண்டு கொம்புகளை நீட்டிக்கொண்டு, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு, தூசி படிந்து ஒரு சிறு பெட்டி இருக்கிறதே, அதைப் பற்றித்தான். மோடம் என்றும் ரவுட்டர் என்றும் வைஃபை பெட்டி என்றும் ஆளுக்கொரு பெயர் சொல்லுகிறோம். பெயர் எதுவானாலும், இன்று நம் வியாபாரம் முழுவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போய் வருகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். 1978-ல் தகப்பனார் கடையில் மூட்டை எண்ண உட்கார்ந்தவன், இன்றுவரை அதே கடையில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் சாஸ்திரம் எனக்குத் தெரியாது. பட்டுத் தெரிந்துகொண்டதையும், தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

கடையில் நடந்தது

2023-ஆம் ஆண்டு, ஆடித்தபசுக்கு முந்தின வாரம். நம் ஊரில் அந்த வாரம் கடை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குருவிகுளம், திருவேங்கடம், பனவடலிசத்திரம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சரக்குக்கு வந்து நிற்பார்கள். விருதுநகர் பருப்பு மில்லுக்கு அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் பணம் அனுப்பினால்தான் லாரி கிளம்பும். எங்கள் கணக்கப்பிள்ளை கம்ப்யூட்டரில் வங்கிப் பக்கத்தைத் திறந்தார். இருபத்துநான்கு வருஷமாக எங்களிடம் இருப்பவர். ஒரு ரூபாய் கூடுதல் குறைச்சல் வந்தாலும் இரவு கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போகமாட்டார்.

சிறிது நேரத்தில், "அண்ணாச்சி, இங்க கொஞ்சம் வாங்க. எப்பவும் கேக்காததை எல்லாம் கேக்கு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். வங்கியின் சின்னம், நிறம் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் பாஸ்வேர்டோடு சேர்த்து ஏ.டி.எம். கார்டு நம்பரையும் அதன் ரகசிய எண்ணையும் போடச் சொல்லியிருந்தது. மேலே முகவரி இருக்கும் இடத்தில் பூட்டுப் படத்தைக் காணவில்லை. பாதுகாப்பானது அல்ல என்று சிறிய எழுத்தில் இருந்தது. அவர் கை வைக்காமல் என்னைக் கூப்பிட்டது கோமதி அம்மன் புண்ணியம் என்றுதான் சொல்லவேண்டும்.

உடனே வங்கி மேனேஜருக்குப் போன் போட்டேன். "எதையும் போடாதீர்கள், மூடிவிடுங்கள்" என்றார். மூடிவிட்டோம். ஆனால் நான் செய்த தவறு அதற்குப் பிறகு நடந்தது. கணக்கப்பிள்ளை மதிய வேளையில் கடைக் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்து, எதையோ இறக்கி வைத்திருப்பார், அதனால் வந்த வினை இது என்று முடிவு கட்டிவிட்டேன். மூட்டை தூக்கும் பையன்கள் முன்னாலேயே, "கண்டதையும் பாத்துக்கிட்டு இருந்தா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் டீ குடிக்கவும் வரவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பி வந்தார். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை என்றார். என் செல்போனைக் கடை வைஃபையில் போட்டு அதே முகவரியைத் திறந்தார். அதே பொய்ப் பக்கம் வந்தது. வைஃபையை அணைத்துவிட்டு, செல்போனின் சொந்த இணைப்பில் திறந்தார். சரியான வங்கிப் பக்கம் வந்தது. "அண்ணாச்சி, தப்பு கம்ப்யூட்டர்ல இல்ல, ஆள் மேலயும் இல்ல. மேல இருக்கிற பெட்டியில இருக்கு" என்றார்.

பெட்டிக்குள் போய்ப் பார்த்தபோது மூன்று விஷயம் தெரிந்தது. ஒன்று, அதன் உள்ளே நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் தயாரிப்பாளர் வைத்த அதே அட்மின், அட்மின். இரண்டு, உள்ளே இருந்த ஃபர்ம்வேர் 2014-ஆம் ஆண்டுத் தேதி போட்டது. நான் 2015-ல் வாங்கி மாட்டிய பெட்டி, எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் புதுப்பிக்கப்படவில்லை. தயாரித்த நிறுவனமும் அந்த மாடலுக்குத் திருத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. மூன்று, எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்லும் இடத்தை, டி.என்.எஸ். என்கிறார்கள், யாரோ மாற்றி வைத்திருந்தார்கள்.

பெட்டியை வாங்கியது நான். மாட்டச் சொன்னது நான். கவனிக்காமல் விட்டதும் நான். ஏச்சு வாங்கியது இன்னொருவர். அதே பையன்கள் முன்னால் கணக்கப்பிள்ளையிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டேன். பணம் போகவில்லை, உண்மைதான். ஆனால் இருபத்துநான்கு வருஷ நாணயத்தை ஒரு நாள் நான் சந்தேகப்பட்டது இன்றும் மனதில் முள்ளாகத்தான் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

ரவுட்டர் என்பது வெறும் கம்பி சேர்க்கும் பெட்டி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. யாரை உள்ளே விடவேண்டும், யாரை விடக்கூடாது, கேட்ட பக்கத்தை எங்கேயிருந்து கொண்டுவரவேண்டும் என்று அதற்குத் தயாரிப்பாளர் எழுதிப் பதித்து வைத்திருக்கும் உத்தரவுகளே ஃபர்ம்வேர். கிட்டங்கிக் காவல்காரருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் உத்தரவு போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர் எழுதியது என்பதால் அதில் ஓட்டைகள் இருக்கும். பின்னால் யாராவது ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னதும், நல்ல நிறுவனம் திருத்தி எழுதிய புது ஃபர்ம்வேரை வெளியிடும். இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். திருத்தம் வெளிவந்த அன்றே, ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஆகவே திருத்தம் வந்தும் அதைப் போடாதவன், திருத்தம் வருவதற்கு முன்னால் இருந்ததைவிட அதிக ஆபத்தில் இருக்கிறான்.

இதற்கு உதாரணம் 2018-ல் நடந்தது. மைக்ரோடிக் என்ற நிறுவனத்தின் ரவுட்டர்களில் இருந்த ஓட்டைக்கு அந்த ஆண்டு ஏப்ரல் மாதமே திருத்தம் வெளிவந்துவிட்டது. ஆனால் ஆகஸ்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் அதே ஓட்டை வழியாகப் பிடிபட்டன. அவற்றின் வழியாக இணையம் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர்கள், அவர்களுக்குத் தெரியாமலே யாருக்கோ டிஜிட்டல் நாணயம் உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தன. மருந்து வந்து நான்கு மாதம் ஆகியும் குடிக்காததால் வந்த நோய் அது.

நம் நாட்டில் நடந்தது

2017 ஜூலை மாதக் கடைசியில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். வாடிக்கையாளர்கள் பலருக்கு இணையம் திடீரென்று நின்றுபோனது சிலருக்கு நினைவிருக்கலாம். சுமார் 60,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. கம்பி அறுந்ததோ எக்ஸ்சேஞ்ச் கெட்டதோ காரணம் அல்ல. பிரிக்கர்பாட் என்ற தீய நிரல் வெளியிலிருந்து மோடத்துக்குள் புகுந்து, அதன் உள் உத்தரவுகளைச் சிதைத்துவிட்டது. செங்கல்லுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். அது நுழைந்த பெட்டி செங்கல்லைப் போலத்தான் ஆகிவிடும், எதற்கும் உதவாது.

அது நுழைந்த வழிதான் நாம் பாடம் கற்கவேண்டிய இடம். தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த மோடங்கள்தாம் அகப்பட்டன. அதற்குப் பிறகு பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும்படி நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த நிரலை எழுதிய மனிதர் தன்னைத் துப்புரவாளர் என்ற பொருள்படும் பெயரால் அழைத்துக்கொண்டார். பாதுகாப்பில்லாத கருவிகளை உலகத்திலிருந்து அகற்றுவதே தம் வேலை என்றும் சொல்லிக்கொண்டார். பூட்டாத கடையைப் பார்த்து, "பூட்டாதது உன் தப்பு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் தீ வைப்பது போன்ற நியாயம் இது. ஆனாலும் கடை பூட்டாமல்தான் இருந்தது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இன்னொரு சம்பவம் 2008-ல். அந்த ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி ஆமதாபாத்தில் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால், பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் தேடிப் போனபோது, நவி மும்பையில் ஒரு வீட்டு வைஃபையில் போய் நின்றது. அந்த வீட்டுக்காரருக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமில்லை. அவருடைய வைஃபை சரியான பூட்டு இல்லாமல் இருந்ததால், வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள். இருந்தும் அவர் விசாரணைக்கு உட்பட வேண்டியிருந்தது. வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கவேண்டும் என்று 2009-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டதற்கு இப்படிப்பட்ட சம்பவங்களே காரணம். சரக்கு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் நம் வைஃபை பாஸ்வேர்டை வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறோமே, இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டு அனுபவம்

என் கடையில் நடந்தது போன்ற டி.என்.எஸ். மோசடி, பிரேசில் நாட்டில் 2011, 2012 ஆண்டுகளில் பெரிய அளவில் நடந்தது. அங்கே சுமார் 45 லட்சம் மோடங்களில் ஃபர்ம்வேர் ஓட்டை வழியாகப் புகுந்து டி.என்.எஸ். முகவரிகளை மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர் சரியான முகவரியைத்தான் அடிப்பார். வருவதோ பொய்ப் பக்கம். கம்ப்யூட்டரில் வைரஸ் தடுப்பு இருந்தும் பயன் இல்லை, ஏனென்றால் நோய் கம்ப்யூட்டரில் இல்லை. முகவரி கேட்டவனைத் தவறான தெருவுக்கு அனுப்பிய வழிகாட்டிதான் அங்கே குற்றவாளி.

2016-ல் மிராய் என்ற நிரல் வந்தது. தயாரிப்பாளர்கள் வைக்கும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளில் அறுபது சொச்சத்தை மட்டும் பட்டியல் போட்டுக்கொண்டு, உலகத்திலுள்ள கேமராக்கள், டி.வி.ஆர்.கள், ரவுட்டர்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டியது. லட்சக்கணக்கில் திறந்துகொண்டன. திண்டுக்கல் பூட்டு வாங்கி மாட்டிவிட்டு, சாவியை எல்லார் கையிலும் கொடுத்தால் பூட்டு என்ன செய்யும்? அப்படிப் பிடித்த கருவிகளை எல்லாம் ஏவிவிட்டு, அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தை முடக்கினார்கள். டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே தடுமாறின. மிராயை எழுதிய மூன்று பேரும் இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த நிரலின் மாற்று வடிவம் ஒன்று தாக்கியதில், 2016 நவம்பரில் ஜெர்மனியில் மட்டும் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு கெட்டது.

2018 மே மாதம் வி.பி.என்.ஃபில்டர் என்ற இன்னொன்று வெளிச்சத்துக்கு வந்தது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளுக்குள் அது இருந்தது. பெரும்பாலும் வீடுகளிலும் சிறு கடைகளிலும் இருக்கும் ரவுட்டர்கள். சிறிய ஆளை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இது சான்று. திருடன் நம்மைத் தேடி வரவில்லை. அவனுடைய நிரல் எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கிறது, திறந்த கதவில் நுழைகிறது, அவ்வளவுதான்.

2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட பழைய ரவுட்டர்களைப் பிடித்து, அவற்றின் வழியாகத் தங்கள் இருப்பிடத்தை மறைத்துக்கொண்டு குற்றம் செய்கிறார்கள், ஆகையால் அப்படிப்பட்ட பெட்டிகளை மாற்றிவிடுங்கள் என்பதே அதன் சாரம். 2017-லும் 2025-லும் சொல்லப்படும் அறிவுரை ஒன்றாகவே இருக்கிறது. கேட்பவர்கள்தாம் குறைவு.

நமக்கு என்ன நஷ்டம்?

நம் கடைப் பெட்டியோடு என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பில் போடும் கம்ப்யூட்டர், ஜி.எஸ்.டி. கணக்கு, இ-வே பில், வங்கி, கேமராவின் டி.வி.ஆர்., வீட்டார் செல்போன்கள், வேலையாட்களின் செல்போன்கள். இத்தனைக்கும் ஒரே வாசல். அந்த வாசல் திருடன் கையில் போனால், வங்கிப் பணம் மட்டுமா போகும்? எந்தக் கடைக்காரருக்கு எவ்வளவு கடன் நிற்கிறது, எந்த மில்லில் என்ன விலைக்கு எடுக்கிறோம் என்ற விவரங்களும் ஆபத்துக்கு உள்ளாகும். கேமராவும் நமக்குக் காவலாக இருப்பதை விட்டு, எப்போது கடையில் ஆள் இல்லை என்று திருடனுக்குக் காட்டிக்கொடுக்கும் கண்ணாக மாறிவிடும்.

செய்யவேண்டியவை

கீழே சொல்வதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை அடைத்த பிறகு, தெரிந்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்துவிடலாம்.

1. பெட்டியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் பெயர், வெர்ஷன் எண், உள்ளே நுழையும் முகவரி எல்லாம் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். இவற்றையும், வாங்கிய வருஷத்தையும், இணைப்புக்குரிய பெயர், பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

2. உள்ளே நுழையும் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு, பெட்டியின் உள்ளே நுழைய வேறொரு பாஸ்வேர்டு. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. கடைப் பெயர், செல் நம்பர், பேரன் பெயர் வேண்டாம். சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் நமக்கும் நினைவிருக்கும், பிறரால் ஊகிக்கவும் முடியாது.

3. ஃபர்ம்வேர் தேதியைப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் ஃபர்ம்வேர் அப்கிரேட் என்று ஓர் இடம் இருக்கும். இப்போது இருக்கும் எண்ணையும் தேதியையும் அது காட்டும். தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்தில், அதே மாடலுக்கும் அதே வெர்ஷனுக்கும் புதியது வந்திருந்தால் அதைப் போடவேண்டும். வேறு இடங்களில் கிடைப்பதை வாங்கிப் போடாதீர்கள், அது கள்ளச் சாவி. மாடல் ஒன்றாக இருந்தாலும் வெர்ஷன் மாறினால் பெட்டி கெட்டுவிடும்.

4. ஃபர்ம்வேர் ஏறும்போது மின்சாரம் போகக்கூடாது. பாதியில் நின்றால் பெட்டி செங்கல்தான். யு.பி.எஸ். வைத்து, வைஃபையில் அல்லாமல் கம்பி போட்டு இணைத்துச் செய்யுங்கள். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

5. இணைப்புக் கொடுத்தவர் தந்த பெட்டியானால், பல சமயம் அவர்களே தூரத்திலிருந்து புதுப்பிப்பார்கள், நம்மால் முடியாது. ஆனால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள், இந்த மாடலுக்கு இன்னும் திருத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் பெட்டியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

6. வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். நாம் கடையில் உட்கார்ந்துதான் மாற்றப்போகிறோம், வெளியிலிருந்து வரும் கதவு எதற்கு? டபிள்யூ.பி.எஸ்., யு.பி.என்.பி. என்ற இரண்டையும் அணைப்பது நல்லது. கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக டி.வி.ஆர். மாட்டியவர் ஏதாவது வழி திறந்து வைத்திருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. வைஃபை பூட்டு வகை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 ஆக இருக்கட்டும். டபிள்யூ.இ.பி. என்ற பழைய வகை உடைந்து பல வருஷம் ஆகிறது.

8. வாடிக்கையாளருக்கும் வேலையாட்களுக்கும் கெஸ்ட் வைஃபை என்று தனியாக ஒன்று வையுங்கள். பில் கம்ப்யூட்டரும் வங்கி வேலையும் வேறு வைஃபையில் இருக்கட்டும். திண்ணைக்கு வருகிறவர்கள் எல்லாரையும் கிட்டங்கிக்குள் விடுகிறோமா?

9. கேமரா, டி.வி.ஆர். ஆகியவற்றுக்கும் ஃபர்ம்வேர் உண்டு, பாஸ்வேர்டும் உண்டு. மாட்டிய ஆள் வைத்த பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள். அதே பாஸ்வேர்டு அவர் மாட்டிய எல்லாக் கடைகளிலும் இருக்கும்.

10. திருத்தம் நின்றுபோன பெட்டியை மாற்றிவிடுங்கள். நன்றாகத்தானே ஓடுகிறது என்று நானும் எட்டு வருஷம் சொன்னேன். விளக்கு எரிவது வேறு, காவல் இருப்பது வேறு. கடைக்குப் போதுமான சாதாரண ரவுட்டர் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு மூட்டைப் பருப்பு விலைகூட ஆகாது. பழைய பெட்டியை இரும்புக் கடைக்குப் போடுமுன் ரீசெட் பொத்தானை அழுத்தி உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது, எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்று கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே எளிய பாஸ்வேர்டு வைத்து விற்கக்கூடாது, எவ்வளவு காலம் திருத்தம் தருவோம் என்று சொல்லவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பருப்புப் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கும் நாம், பெட்டிக்கும் தேதி கேட்பதில் தவறில்லை.

சந்தேகம் வந்தால்

நன்றாகத் தெரிந்த பக்கம் புதிதாக எதையாவது கேட்டால், பூட்டுப் படம் இல்லாமல் இருந்தால், பிரவுசர் எச்சரித்தால், அங்கேயே நிறுத்துங்கள். வைஃபையை அணைத்து, செல்போனின் சொந்த இணைப்பில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் முதலில் பெட்டியைச் சந்தேகப்படுங்கள், ஆளை அல்ல.

பெட்டியை அணைத்துப் போடுவது மட்டும் போதாது. சிலவகை நிரல் அதில் அழியும், ஆனால் ஓட்டை அடைபடாது. மறுபடி வந்துவிடும். ரீசெட் செய்து, புது ஃபர்ம்வேர் ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றவேண்டும். பிறகு வேறு இணைப்பிலிருந்து வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளையும் மாற்றவேண்டும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்திலும் புகார் செய்யலாம். நேரம்தான் இதில் முக்கியம். வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. நம் கவனக்குறைவால் போனதானால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையுள்ள நஷ்டம் நம்முடையது என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது. ஆகவே ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் நம் கையைத்தான் கடிக்கும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போடுகிறோம். போடாவிட்டால் அதிகாரி வந்து அபராதம் விதிப்பார் என்ற பயம் ஒரு காரணம். எடையில் நாணயம் இருக்கவேண்டும் என்பது இன்னொரு காரணம். ரவுட்டருக்கு முத்திரை போட எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. நாமேதான் போட்டுக்கொள்ளவேண்டும்.

என் யோசனை இதுதான். தராசு முத்திரை போடும் அதே மாதத்தை ரவுட்டர் பார்க்கும் மாதமாகவும் வைத்துக்கொள்வோம். முடிந்தால் சங்கக் கட்டடத்தில் ஒருநாள் முகாம் வைத்து, கம்ப்யூட்டர் தெரிந்த நம் பிள்ளைகள் இரண்டு பேரை உட்காரவைத்து, சிறு கடைக்காரர்களுக்கு வழி காட்டலாம். பெரிய கடைக்காரர் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார். தெருமுனையில் ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? அவர் கணக்கில் இருக்கும் முப்பதாயிரம் ரூபாய் போனால், மறுநாள் சரக்கு எடுக்க முதல் இருக்காது. அவர் கடை சாத்தினால் அவருக்குச் சரக்குப் போடும் என் போன்ற மொத்த வியாபாரிக்கும் நஷ்டம்தான்.

எங்கள் கடையில் புதுப் பெட்டி மாட்டியாகிவிட்டது. அதன் பாஸ்வேர்டு எழுதிய நோட்டு இப்போது கணக்கப்பிள்ளையிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அவர் ஃபர்ம்வேர் தேதியைப் பார்த்து நோட்டில் குறித்து வைக்கிறார், பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். தங்கள் கடையிலும் இன்று இரவு கதவைப் பூட்டுமுன், மேலே மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்து, கடைசியாக எப்போது கவனித்தோம் என்று யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

வளர்க வணிகம்! ஓங்குக வணிகர் ஒற்றுமை!